பித்தளை வில்லை



துப்பாக்கியைப் பற்றித் தமிழாசிரியன் எழுதுவதா என்று சிலர் முகம் சுளிக்கலாம். உரிமமின்றி அதனை வைத்திருந்தால் கடுந்தண்டனை கிடைக்கும் நாட்டில் வாழும் நமக்கு, அந்தச் சொல்லே அச்சம் தருவது இயல்புதான். சென்ற ஆண்டிறுதி விடுமுறையில், சுவீடனில் பணிபுரியும் என் தங்கை மகனிடம் சென்றிருந்தேன். அவன் அங்குள்ள துப்பாக்கி சுடும் மன்றமொன்றின் உறுப்பினன். அங்கும் காவல்துறையின் உரிமம் பெற்றே வாங்க வேண்டும். வாங்கியதை இரும்புப் பெட்டகத்தில் பூட்டி வைக்க வேண்டும்.

அவன் வாங்கியிருந்தது சிஜி 63 என்னும் பந்தயத் துப்பாக்கி. சுவீடன் படையினர் ஏந்திய பழைய மவுசர் எம் 96 துப்பாக்கியின் இயக்கப் பகுதியை எடுத்து, அதில் கனத்த புதுக் குழலைப் பொருத்தி, 1960களில் உருவாக்கப்பட்டது. அதன் உலோகத்தில் 1908 என்று பொறித்திருந்தது. அதைக் கண்டு முழுவதும் அவ்வளவு பழையது என்று எண்ணிவிடக் கூடாது. குழல் பிற்காலத்தது, அதுவும் பந்தயங்களில் எத்தனை ஆயிரம் தோட்டாக்களைக் கண்டதோ! மரக்கட்டையின் மெருகைப் பார்த்து வாங்குபவர் ஏமாறுவார். குழலின் உட்புறம் அரித்திருக்கிறதா என்பதே கேள்வி. மெருகு குலையாத ஒன்றை விட்டுவிட்டு, கட்டையில் கீறல் விழுந்த இதனை அவன் தேர்ந்தெடுத்ததும் அதனால்தான்.

ஆயினும் என் மனத்தைப் பிடித்துக்கொண்டது, மன்றத்து முதியவர் ஒருவரிடம் மாற்றம் செய்யப்படாமல் இருந்த எம் 96. அதன் கட்டையில் ஒரு பித்தளை வில்லை. குழலின் உள்விட்டம் எவ்வளவு, அதன் நிலை 1, 2, 3 என்பவற்றுள் எது, புதுவகைத் தோட்டாவுக்குக் குறியை எவ்வளவு மாற்ற வேண்டும் என மூன்றையும் அதில் குறித்திருந்தார்கள். தன் கருவியின் தேய்மானத்தைப் படைத்துறையே அதன் மேல் வெளிப்படையாக எழுதி வைத்திருக்கிறது.

எனக்குச் சுருக்கென்றது. பல்லாண்டுகளுக்கு முன், எழுத்துக்கூட்டவே திணறிய மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவனின் தேர்ச்சி அறிக்கையில் 'நன்று' என்று எழுதினேன். பெற்றோர் மனம் நோகக் கூடாதே என்ற இரக்கம். அவர்கள் நம்பிவிட்டார்கள். ஐந்தாம் ஆண்டில்தான் உண்மை வெளிப்பட்டது. "அப்பவே சொல்லியிருந்தா ஏதாச்சும் செஞ்சிருப்போமே சார்" என்றார் அவன் தாய். நான் பதில் சொல்லவில்லை.

குறையை எழுதுவது பிள்ளையை ஒதுக்குவதாகாது. வில்லையில் 2 என்றிருந்த அந்தத் துப்பாக்கியைக் கொண்டுதான் முதியவர் இன்றும் சுடுகிறார். ஆனால் ஒன்று: வில்லையில் உள்ளது என்றோ அளந்த அளவு. வாங்குபவர் இன்று மீண்டும் அளக்க வேண்டும். சென்ற ஆண்டு அறிக்கையைக் கொண்டு இவ்வாண்டுப் பிள்ளையை எடைபோடும் நம் வழக்கத்துக்கும் இது பொருந்தும்.

மறுநாள் 300 மீட்டர் தொலைவிலுள்ள இலக்கை நோக்கி, மருமகனின் மேற்பார்வையில் படுத்தபடி ஐந்து தோட்டாக்கள் சுட்டேன். இரண்டு தாளிலேயே படவில்லை. அவன் 'நன்று' என்று சொல்லவில்லை. "விசையை அழுத்தாம வெடுக்குனு இழுக்கிறீங்க மாமா" என்று சொல்லி, அடுத்த தோட்டாவை எடுத்துத் தந்தான்.