தூரம் மாறவில்லை, நேரம்தான்

சென்னை மீனம்பாக்கத்திலிருந்து சிங்கப்பூர் சாங்கிக்கு வான்வழியில் சுமார் 2,900 கிலோமீட்டர். கைப்பேசி இதை நொடியில் சொல்லிவிடும். இரண்டு ஊர்களின் அட்சரேகை, தீர்க்கரேகை, அவற்றோடு பூமியின் அளவும் வடிவமும் தெரிந்தால் போதும். அந்தக் கடைசி விவரத்தில் கடலூருக்கும் ஒரு பங்கு உண்டு. கடலூர்க்காரர்களே அதிகம் பேசாத சங்கதி இது.

1802-ல் பிரிட்டிஷ் அரசுப் படை அதிகாரி வில்லியம் லாம்டன், கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் பரங்கிமலை அருகே ஏழரை மைல் நீளத்துக்கு எஃகுச் சங்கிலி போட்டு நிலத்தை அளந்தார். அந்தக் கோட்டிலிருந்து முக்கோணம் முக்கோணமாகக் கட்டிக்கொண்டு சோழமண்டலக் கரையோரம் தெற்கே வந்தவர், கடலூரை அடுத்த திருவந்திபுரத்தில் ஒரு நிலையம் அமைத்தார். தேவநாதப் பெருமாள் கோயில் ஊர்தான். அங்கே விண்மீன்களைப் பார்த்து அட்சரேகையைக் கணித்தார். வடகோடி நிலையத்திலும் அப்படியே. இரண்டுக்கும் வித்தியாசம் ஒன்றரை டிகிரிக்குச் சற்று மேல். தரையில் அளந்த நீளத்தை அதனால் வகுத்தால் டிகிரிக்குச் சுமார் 110.6 கிலோமீட்டர். செயற்கைக்கோள் காலத்துக் கணக்கும் ஏறக்குறைய இதையேதான் சொல்கிறது. துருவத்தை நெருங்கினால் இதே ஒரு டிகிரி ஒரு கிலோமீட்டர் கூடுகிறது. பூமி சரியான உருண்டை இல்லை என்பதற்கு இதுவே சாட்சி. கம்பெனிக்கு வேண்டியது வரைபடம். லாம்டனுக்கு வேண்டியது பூமியின் வடிவம். வெயிலில் சங்கிலி சுமந்தவர்களுக்கு என்ன வேண்டியிருந்தது என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

தூரக் கணக்கு அப்படித் தீர்ந்தது. நேரக் கணக்கு இன்னும் தீரவில்லை. பாய்மரக் காலத்தில் பரங்கிப்பேட்டை வணிகர்கள் பருவக்காற்று திரும்பும்வரை காத்திருந்தார்கள். பிறகு நீராவிக் கப்பல் வந்தது. சென்னையில் கிளம்பி நாகப்பட்டினம், பினாங்கு வழியாகப் போன 'ரஜூலா' சிங்கப்பூரை அடைய ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். அதன் இடத்துக்கு வந்த 'எம்.வி. சிதம்பரம்' 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பற்றியது, பலர் இறந்தார்கள். தமிழர்களின் அந்தக் கப்பல் பயணமும் அதோடு முடிந்தது.

இன்று நாலு மணி நேரம், கொஞ்சம் கூட. ஆனால் காற்றின் பிடி இன்னும் விடவில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்னிந்தியாவின் மேல்வானத்தில் கிழக்கிலிருந்து வேகக்காற்று ஓடுகிறது. 1958-ல் இதை விளக்கி எழுதியவர் நம் வானிலை அறிஞர் பி. கோடேஸ்வரம். அந்த மாதங்களில் சிங்கப்பூர் போகும் விமானத்துக்கு அது எதிர்க்காற்று, திரும்பும் விமானத்துக்குப் பின்காற்று. ஒரே தூரம்தான், போக ஒரு நேரம், வர ஒரு நேரம். டிக்கெட்டில் உள்ள மணியைக் கழித்துப் பார்ப்பவர்கள் சிங்கப்பூர்க் கடிகாரம் இரண்டரை மணி முன்னால் ஓடுவதை மறந்துவிடுகிறார்கள் என்பது தனிக் கதை.

எந்தக் கணக்குப்பொறியும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: வீட்டிலிருந்து விமான நிலையம் எவ்வளவு நேரம்? நெய்வேலியில் ஓடுதளம் இருக்கிறது. சிங்கப்பூர் விமானம் அங்கே இறங்கப்போவதில்லை. சிதம்பரத்தில் பேருந்து ஏறி மீனம்பாக்கம் சேர ஐந்து மணி நேரம் பிடிக்கும். அங்கே மூன்று மணி நேரம் முன்னதாக நிற்க வேண்டும். பறப்பதைப்போல இரண்டு பங்கு நேரம் தரையிலேயே போய்விடுகிறது. திருச்சியிலிருந்து சாங்கி வான்வழியில் அறுபது கிலோமீட்டர்போல அதிகம், சில நிமிடப் பறப்பு. ஆனால் சிதம்பரத்துக்குச் சாலை வழியில் சென்னையைவிடத் திருச்சிதான் பக்கம். டிக்கெட் எடுக்குமுன் அதையும் பார்த்துவிடுங்கள்.