பிராது கட்டினால் மட்டும் போதுமா?



எங்கள் விருத்தாசலத்துக்குப் பக்கத்தில், மணவாளநல்லூரில் இருக்கும் கொளஞ்சியப்பர் கோயிலைப் பற்றிப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். மனக்குறையைக் காகிதத்தில் மனுவாக எழுதி அங்கே கட்டிவிட்டு வருவார்கள். 'பிராது கட்டுவது' என்று அதற்குப் பெயர். "என் வீட்டுக்காரர் குடியை விடணும்" என்று வேண்டிக்கொண்டு போகிற பெண்களை எனக்கே தெரியும். நானும் முருகனை நம்புகிறவள்தான். ஆனால், சாமியிடம் மனம் விட்டுச் சொல்லும் நாம், மனுஷர்களிடம் மட்டும் ஏன் மூடி மறைக்கிறோம்?

எங்கள் ஊர் செராமிக் பட்டறைகளில் அகல் விளக்கும் பொம்மையும் செய்கிற பெண்களிடம் பேசிப் பாருங்கள். குடித்துவிட்டுப் படுத்திருக்கும் புருஷனுக்காக முதலாளியிடம் "காய்ச்சல்" என்று சொல்வது மனைவி. கடன்காரருக்குப் பதில் சொல்வது மனைவி. "அப்பாவுக்கு உடம்பு சரியில்லை" என்று பிள்ளைகளைச் சமாளிப்பதும் அவள்தான். குடும்ப மானத்துக்காகச் செய்கிறோம். பலன் என்ன? குடிப்பவருக்குத் தன் குடியால் வரும் நஷ்டம் உறைப்பதே இல்லை. பாரம் முழுக்க நம் தலையில் விழுகிறது.

குடிக்கு அடிமையாவது ஒரு நோய் என்று மருத்துவ உலகம் சொல்கிறது. அதற்கு ஏழை, பணக்காரர் வித்தியாசம் கிடையாது. பெரிய தொழிலதிபர் குடும்பமான டி.டி.கே. வீட்டில் வாழ்க்கைப்பட்டவர் சாந்தி ரங்கநாதன். குடியால் கணவரை இழந்த அவர், அதை மூடி மறைக்காமல், 1980-ல் சென்னையில் கணவர் டி.டி.ரங்கநாதன் பெயரிலேயே சிகிச்சை அமைப்பைத் தொடங்கினார். அங்கே நோயாளியோடு குடும்பத்தாருக்கும் ஆலோசனை உண்டு. 1992-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு, மறுபடி குடிக்காமல் இருப்பதுதான் கஷ்டம். அதற்குக் கைகொடுக்கவே 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' என்ற குழு இருக்கிறது. 1935-ல் அமெரிக்காவில் குடியால் சீரழிந்த இரண்டு பேர், ஒருவருக்கொருவர் துணையாக இருந்து தொடங்கியது அது. அவர்களில் ஒருவரான பில் வில்சனின் மனைவி லோயிஸ், 1951-ல் குடும்பத்தாருக்காக 'அல்-அனான்' என்ற தனிக் குழுவைத் தொடங்கினார். இரண்டு குழுக்களும் தமிழ்நாட்டிலும் நடக்கின்றன.

"குடிக்கிறவர்தானே போகணும், நான் எதுக்குப் போகணும்?" என்று கேட்பீர்கள். என் அக்காவும் அப்படித்தான் கேட்டாள். சென்னையில் அவளுக்குத் துணையாக ஒரு அல்-அனான் கூட்டத்துக்குப் போனேன். பத்துப் பெண்கள் இருந்தார்கள். ஊர், சாதி, புருஷனுக்கு என்ன உத்தியோகம் என்று யாரும் கேட்கவில்லை. பெயர் மட்டும் சொன்னால் போதும். ஒவ்வொருவராகப் பேசினார்கள். குறுக்கே யாரும் பேசவில்லை, புத்தி சொல்லவில்லை. அங்கே பேசியது வெளியே போகக்கூடாது என்பது கட்டுப்பாடு. கட்டணம் கிடையாது, இருப்பவர்கள் ஏதோ கொஞ்சம் போடுகிறார்கள்.

"அம்மாகிட்டகூட சொல்லாததை இன்னிக்குச் சொல்லிட்டேன்டி" என்றாள் அக்கா. மாமா இன்னும் முழுசாக விட்டுவிடவில்லை. ஆனால் அவருக்காகப் பொய் சொல்வதை அக்கா நிறுத்திவிட்டாள். 'என்னால்தான் குடிக்கிறார்' என்ற எண்ணம் போய்விட்டது. வேளைக்குச் சாப்பிடுகிறாள், தூங்குகிறாள். பிள்ளைகள் முகம் தெளிந்திருக்கிறது. இது சின்ன விஷயமா?

இன்னும் சில விஷயங்கள் சொல்ல வேண்டும். 'தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்' என்று விளம்பரம் செய்யும் பொடிகளை நம்பாதீர்கள். சில மருந்துகளைச் சாப்பிட்டிருப்பது தெரியாமல் குடித்தால் உயிருக்கே ஆபத்து. தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், பிரமை பிடித்ததுபோல் ஆகலாம். டாக்டர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும். பாண்டிச்சேரி ஜிப்மரில் இதற்குச் சிகிச்சை உண்டு. 14446 என்ற அரசு உதவி எண்ணில் இலவசமாக வழி கேட்கலாம். அடி, உதை இருந்தால், பொறுத்துக்கொண்டு கூட்டத்துக்கு மட்டும் போனால் போதாது. 181-க்கு உடனே போன் செய்யுங்கள்.

2003-லிருந்து தமிழ்நாட்டில் மதுக்கடையை அரசே நடத்துகிறது. கடையை மூடச் சொல்லிப் பெண்கள் போராடுவது நியாயம்தான். ஆனால் கடை மூடும்வரை நம் வீடு காத்திருக்க முடியுமா? குடிப்பவரைத் தேடிக் கடை பக்கத்திலேயே வந்துவிட்டது. அழுகிற பெண் மட்டும் ஆறுதல் தேடிச் சென்னைக்கும் பாண்டிச்சேரிக்கும் போக வேண்டுமா?

இப்படி ஒரு குழு தொடங்க இரண்டு பேர் போதும். வாரம் ஒருநாள், ஒரு மணி நேரம், பள்ளிக்கூடத்திலோ நூலகத்திலோ ஓர் அறை கிடைத்தால் போதும். நம் சுய உதவிக்குழுக்களில் கடன் கணக்குப் பேசப் பழகிய நமக்கு இது முடியாததா? கொளஞ்சியப்பருக்குப் பிராது கட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதே பிராதை, நம்மைப்போலவே கஷ்டப்படும் இன்னொரு பெண்ணிடமும் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

- ஒரு வாசகி, விருத்தாசலம்