விமானக் கம்பனிக்கு இந்த அதிகாரத்தை அளித்தவர் யார்?

கடவுச்சீட்டை வழங்குவது ஓர் அரசு. அதனை ஏற்பதா, மறுப்பதா என்று முடிவு செய்வது மற்றோர் அரசு. இவ்விரண்டு அரசுகளுக்கும் நடுவே, பயணச்சீட்டு விற்றுப் பிழைக்கும் ஒரு கம்பனி புகுந்துகொண்டு, "உமது கடவுச்சீட்டுச் செல்லாது, விமானத்தில் ஏறவிடோம்" என்று தீர்ப்புக் கூறுகின்றது. தீர்ப்புப் பிழையானாலும் விமானம் பறந்துவிடும். அந்த மேசையடியில் மேன்முறையீடு கிடையாது. காரணத்தை எழுத்திற் கேட்டால் முறைப்பு மாத்திரம் கிடைக்கும். சட்டத்தின் ஆட்சியை உலகுக்குக் கற்பித்தோம் என்று மார்தட்டும் நாட்டின் விமான நிலையங்களிலேயே இந்த அநியாயம் நடந்துவருகின்றது.

இது யாரோ வெள்ளைக்காரரின் உல்லாசப் பயணத் தொல்லைதானே என்று நம்மவர் ஒதுக்கிவிடலாகாது. பருத்தித்துறையில் ஒரே முற்றத்தில் விளையாடி வளர்ந்த பிள்ளைகள் இன்று ஒருவர் இலண்டனிலும், ஒருவர் பாரிசிலும், ஒருவர் சூரிச்சிலுமாகச் சிதறிக் கிடக்கின்றனர். கலியாணம், செத்தவீடு, அந்தியேட்டி என்று இவர்கள் ஒருவர் வாசலை ஒருவர் மிதிக்க வேண்டுமாயின் எல்லை கடந்தாக வேண்டும். இலண்டனிலுள்ளவர் பிரித்தானியக் கடவுச்சீட்டு உடையவராயின், வழக்கு அவர் வழக்கே.

சட்டம் என்ன சொல்கின்றது? பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியபின், 2021 ஜனவரி முதலாந் திகதி தொடக்கம் அந்நாட்டுப் பிரசைகள் ஷெங்கன் நாடுகளுக்கு அந்நியராயினர். அந்நியருக்கென அந்நாடுகள் கடவுச்சீட்டுக் குறித்து விதித்த நிபந்தனைகள் இரண்டு. ஒன்று, நாட்டிற் புகும் நாளில் கடவுச்சீட்டு வழங்கப்பட்டுப் பத்து ஆண்டு கடந்திருத்தலாகாது. மற்றது, நாட்டை விட்டுப் புறப்பட எண்ணிய நாளுக்குப் பின்னர் குறைந்தது மூன்று மாதமேனும் அது செல்லுபடியாதல் வேண்டும். இரண்டும் தனித்தனியானவை. ஒன்றை மற்றொன்றின் தலையிலே ஏற்றுதல் கூடாதென்பதை ஐரோப்பிய ஆணைக்குழுவே தெளிவுபடுத்தியுள்ளது.

சிக்கல் எங்கே முளைத்தது? பழைய கடவுச்சீட்டில் எஞ்சியிருந்த மாதங்களை, ஒன்பது மாதம் வரை, புதியதிற் கூட்டிக் கொடுக்கும் வழக்கம் பிரித்தானியாவில் 2018 செப்டெம்பர் வரை இருந்தது. அதனால் பத்து ஆண்டு ஒன்பது மாதம் வரை செல்லுபடியாகும் கடவுச்சீட்டுகள் மக்கள் கையிற் புழங்கின. உதாரணமாக 2015 செப்டெம்பர் 20-ந் திகதி வழங்கப்பட்டு 2026 ஜூன் 20-ந் திகதி காலாவதியாகும் ஒரு கடவுச்சீட்டை எடுத்துக்கொள்வோம். அதற்குரியவர் 2025 ஓகஸ்ட் 10-ந் திகதி பாரிசுக்குச் சென்று 20-ந் திகதி திரும்ப எண்ணுகின்றார். பத்து ஆண்டு நிறைவதற்கு இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் உண்டு. காலாவதிக்கோ பத்து மாதம் உண்டு. இரண்டு நிபந்தனைகளும் நிறைவேறின. பிரெஞ்சு எல்லைக் காவலன் அவரை மறுக்க இடமே இல்லை.

கம்பனிகள் போட்ட கணக்கு வேறு. பத்து ஆண்டு நிறையும் நாளே காலாவதி நாள் என்று தாமாகவே கற்பித்துக்கொண்டன. அந்நாளிலிருந்து மூன்று மாதத்தைப் பின்னோக்கிக் கழித்தன. ஆகவே அவர் ஜூன் 20-ந் திகதிக்குள் ஐரோப்பாவை விட்டு வெளியேறியிருத்தல் வேண்டும் என்றன. ஊர் வழக்கிற் சொல்வதானால், பத்து வயதுக்கு உட்பட்ட மாடு வேண்டும், அதனோடு மூன்று மாதத்துக்கு வேண்டிய வைக்கோலும் வேண்டும் என்று ஒருவர் கேட்கிறார். இடையில் நின்ற தரகன், "அப்படியானால் ஒன்பதே முக்கால் வயதுக்கு மேற்பட்ட மாடு ஆகாது" என்று கூறி, நல்ல மாட்டைத் திருப்பி அனுப்புகின்றான். வன்னியில் எந்தக் கமக்காரனும் இந்தத் தரகனை வாசலில் அண்டவிடமாட்டான்.

பிரித்தானிய அரசின் கை இதிற் சுத்தமென்று எவரும் எண்ணவேண்டாம். கூட்டிக் கொடுத்த மாதங்கள் கணக்கில் வராமற் போகலாம் என்று மயக்கமாக எழுதி, மக்களைக் குழப்பியது அவ்வரசின் வழிகாட்டலே. தான் அச்சடித்து, தான் கட்டணம் வாங்கி, தான் பொறித்த திகதியைத் தானே நம்பாத அரசை என்னென்பது! பத்திரிகையாளர் சைமன் கால்டர் போன்றோர் விடாது எழுதி, ஐரோப்பிய ஆணைக்குழுவின் விளக்கத்தையும் பெற்று வெளியிட்ட பின்னரே, 2022-ஆம் ஆண்டில் பெருங் கம்பனிகள் தம் கணக்கைத் திருத்தின. அதற்கிடையில் திருப்பி அனுப்பப்பட்டோரின் கண்ணீருக்குக் கணக்கு எழுதியவர் எவருமில்லை.

கம்பனிகள் அறியாமையாற் பிழைத்தன என்று மன்னித்துவிட முடியாது. அறியாமைக்குப் பின்னால் ஒரு கொள்முதற் கணக்கு இருக்கின்றது. தகுந்த பத்திரமில்லாத பயணியை ஏற்றிவந்தால் கம்பனி தண்டம் இறுக்க வேண்டும். 2001-ஆம் ஆண்டின் ஐரோப்பியக் கட்டளைப்படி, அந்நாடுகள் பயணி ஒருவருக்கு 3,000 யூரோவுக்குக் குறையாத தண்டமோ, 5,000 யூரோ அல்லது அதற்கு மேற்பட்ட உச்சவரம்புடைய தண்டமோ விதிக்கலாம். ஆளைத் திருப்பிக் கொண்டுபோவதும் கம்பனியின் செலவே. மறுபுறம், தகுதியுள்ள பயணியைப் பிழையாக மறித்தால்? இலண்டனிலிருந்து பாரிசு போன்ற குறுந்தூரத்துக்குப் பிரித்தானியச் சட்டப்படி நட்டஈடு 220 பவுண். அதுவும் பயணி விடாப்பிடியாக நின்று கேட்டாற்றான். ஒரு தட்டில் ஆயிரக்கணக்கு, மறுதட்டில் இருநூற்றிருபது. தராசு எப்பக்கஞ் சாயும் என்பதைச் சந்தையில் மிளகாய் விற்கும் ஆச்சியும் சொல்லிவிடுவார். சந்தேகமாயின் மறித்துவிடு என்பதே இலாபம். மேசைக்குப் பின்னால் நிற்கும் கூலிப் பணிப்பெண்ணை நாம் நோகவில்லை. தராசைச் செய்தவர்களையே கேட்கின்றோம்.

அந்தத் தராசு பிறந்த கதை நம்மவருக்கு அந்நியமானதன்று. 1987 பெப்ரவரியில் இலங்கையிலிருந்து தப்பிச் சென்று இலண்டன் ஹீத்துறோவில் இறங்கிய தமிழ் அகதிகளைத் திருப்பி ஏற்ற முனைந்தபோது, அவர்கள் விமானத் தளத்திலேயே உடைகளைக் களைந்து எதிர்த்து நின்றனர். உலகம் பார்த்தது. சில வாரங்களுக்குள் உள்நாட்டு மந்திரி டக்ளஸ் ஹேர்ட் புதுச் சட்டமொன்றை அறிவித்தார். விசாவோ தகுந்த பத்திரமோ இல்லாத பயணி ஒருவருக்கு 1,000 பவுண் தண்டம் என்று அவ்வாண்டிலேயே சட்டமாயிற்று. பின்னர் 1991-இல் அது 2,000 ஆயிற்று. அகதி வாய் திறந்து அடைக்கலங் கேட்குமுன்னே, அவன் புறப்படும் ஊரிலேயே கதவைச் சாத்தும் வேலையைக் கம்பனிகளின் தலையிற் கட்டினர். அன்று நம்மை மறிக்க எழுப்பிய படலையை, ஐரோப்பாவும் பின்னர் தன் வாசலிற் கட்டிக்கொண்டது. இன்று அதே படலையில் அந்நாட்டுப் பிரசைகளும் முட்டி நிற்கின்றனர்.

ஆயினும் கம்பனியின் சொல்லே முடிந்த முடிபு என்பது சட்டமாகாது. கசகஸ்தான் நாட்டவர் ஒருவர், சைப்பிரசு வழங்கிய வதிவிட அனுமதியுடன் லார்னக்காவிலிருந்து புக்காரெஸ்ட் செல்ல வந்தபோது புளூ எயர் என்னும் கம்பனி அவரை ஏற்ற மறுத்தது. வழக்கு ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்று வரை சென்றது. 2020 ஏப்ரல் 30-ந் திகதி அந்நீதிமன்று கூறியதாவது: பத்திரம் போதாதென்று கம்பனி சொல்லிவிட்டதனால் மாத்திரம் பயணி தன் பாதுகாப்பை இழந்துவிடான், பத்திரம் உண்மையிற் போதுமா என்பதை நீதிமன்றே ஆராய்தல் வேண்டும், பொறுப்பிலிருந்து கம்பனியை விடுவிக்கும் நிபந்தனையைப் பயணச்சீட்டில் எழுதிவைத்தாலும் அது செல்லாது. இத்தீர்ப்பை அறிந்த பயணி எத்தனை பேர்?

நாம் கேட்பவை மிகையானவை அல்ல. மறிக்கும் கம்பனி, எந்த நாட்டின் எந்த விதியின்படி மறிக்கின்றது என்பதை அங்கேயே எழுத்திற் கொடுத்தல் வேண்டும். ஐயமெழுந்தால், போகும் நாட்டின் எல்லை அதிகாரியிடம் கேட்டறிந்த பின்னரே மறித்தல் வேண்டும். பிழையாக மறித்ததற்குரிய நட்டஈடு, பிழையாக ஏற்றியதற்குரிய தண்டத்துக்கு ஈடாக உயர்தல் வேண்டும். தராசை நிமிர்த்த வேறு வழி நமக்குத் தோன்றவில்லை. தக்க முன்னெச்சரிக்கை எடுத்த கம்பனியைத் தண்டிக்கலாகாதென்று சிக்காகோ உடன்படிக்கையின் 9-ஆம் இணைப்பே கூறுகின்றமையால், "நாங்கள் நொடித்துவிடுவோம்" என்ற ஒப்பாரிக்கும் இடமில்லை.

மேலதிக மாதங்களுடன் கூடிய கடவுச்சீட்டுகளுட் கடைசியானவை 2018 செப்டெம்பரில் வழங்கப்பட்டவை. அவை பத்து ஆண்டை எட்டுவது 2028 செப்டெம்பரில். அதுவரை இத்தொல்லை நீளும். ஆகவே இலண்டனிலுள்ள நம்மவர் பயணச்சீட்டு வாங்குமுன் வழங்கிய திகதி, காலாவதித் திகதி இரண்டையும் பார்த்துக்கொள்க. மறிக்கப்பட்டால் விமானம் போய்விட்டதேயென்று கலங்கி வீடு திரும்பாது, மறித்த நேரம், மறித்தவர் கூறிய காரணம், வாங்கிய மாற்றுச் சீட்டின் விலை அனைத்தையும் குறித்து வைத்துக்கொள்க. இங்கிலாந்தில் இத்தகைய நட்டஈட்டு வழக்குத் தொடுக்க ஆறு ஆண்டு காலம் உண்டு. 2022-க்கு முன் பிழையாக மறிக்கப்பட்டோருக்கு அக்காலம் கரைந்துகொண்டே போகின்றது.