அம்மாவை நீங்க பாத்துக்கறீங்களா, அம்மா உங்களைப் பாத்துக்கறாங்களா?



மார்ச் மாசம் வந்தா என்கிட்ட அதிகமா வர்ற கேள்வி: "சார், அப்பா அம்மாவுக்கு ஹெல்த் இன்சூரன்ஸ் எடுத்தா எவ்வளவு டாக்ஸ் குறையும்?"

இந்தத் தடவை அப்படிக் கேட்டவருக்கு சிவகங்கை பக்கம் ஒரு கிராமம். அவரும் மனைவியும் சென்னையில வேலை பாக்கறாங்க. மூணு வயசுக் குழந்தை ஊர்ல பாட்டிகிட்ட வளருது. "மாசம் 10,000 அனுப்பிடறேன் சார், அம்மாவை நான்தான் பாத்துக்கறேன்"னார். பேச்சுவாக்குல இன்னொண்ணும் சொன்னார். அம்மாவுக்கு ஆறு மாசமா முழங்கால் வலி. குழந்தையை யார்கிட்ட விட்டுட்டு ஆஸ்பத்திரிக்குப் போறதுன்னு தள்ளிப்போட்டுட்டே இருக்காங்களாம்.

இப்ப சொல்லுங்க, யார் யாரைப் பாத்துக்கறாங்க?

உங்க ஏரியா டே கேர்ல முழுநாள் கட்டணம், ராத்திரி பாத்துக்க ஒரு ஆள், சமையல் எல்லாம் கூட்டுங்க. பக்கத்துலயே நீங்க அனுப்பற தொகையை எழுதுங்க. பல வீடுகள்ல கடன்பட்டிருக்கறது நாமதான். குழந்தை இல்லாதவங்க, ஊர்லயே தங்கி அப்பாவைப் பாத்துக்கற அக்காவையோ தம்பியையோ நினைச்சு இதே கணக்கைப் போடுங்க.

அம்மா சம்பளம் கேட்க மாட்டாங்க. கொடுத்தா கோபம்தான் வரும். அதனால இந்த மூணையும் செய்யுங்க.

ஒண்ணு, இன்சூரன்ஸ். கம்பெனி பாலிசி வேலையோட போயிடலாம். தனியா ஒண்ணு எடுங்க. ஏற்கனவே இருக்கற நோய்க்கு 3 வருஷம் வரை காத்திருக்க வேண்டி வரலாம். அதனால தள்ளிப்போடாதீங்க. 60 வயசு தாண்டின பெற்றோருக்குக் கட்டற பிரீமியத்துல வருஷம் 50,000 ரூபாய் வரை கழிவு பழைய வரிமுறையில உண்டு, புதுசுல கிடையாது. கிடைக்கலேன்னாலும் எடுங்க.

ரெண்டு, அம்மா பேர்லயே பணம். 60 ஆயிடுச்சுன்னா தபால் ஆபீஸ்ல மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் இருக்கு. மூணு மாசத்துக்கு ஒருமுறை வட்டி அவங்க கணக்குக்கே வரும். நீங்க கொடுக்கற பணத்துக்கு அவங்க வரி கட்ட வேண்டாம். அந்த வட்டியும் உங்க வருமானத்தோட சேராது. கண்ணாடி மாத்தறதுக்குக்கூட உங்ககிட்ட கேட்கணும்ங்கற நிலைமை அவங்களுக்கு வராது.

மூணு, லீவு. வருஷத்துக்கு நாலு நாள் அம்மாவோட ஆஸ்பத்திரிக்குன்னே ஒதுக்குங்க. அன்னிக்கு குழந்தையை நீங்க பாத்துக்கோங்க.

அந்த நண்பர்கிட்ட டாக்ஸ் கணக்கைச் சொல்றதுக்கு முன்னாடி இதைத்தான் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "முதல்ல லீவு போடறேன் சார்"னார்.

நீங்க எப்ப போடப் போறீங்க?