கூர் பிறகு, ஆணி முதலில்

அம்பாங் பசார் மாலாமில் 10 வெள்ளிக்கு ஒரு மடக்குக் கத்தி வாங்கினேன். கடைக்காரர் காகிதத்தைச் சர்ரென்று அறுத்துக் காட்டினார், அதிலேயே மயங்கிவிட்டேன். மறுநாள் மாங்காய் சீவும்போது அலகு மடங்கி விரலைப் பதம் பார்த்தது. மூன்று தையல்.

தோட்டத்தில் பால்மரம் வெட்டிய அப்பா, கத்தியை வாங்கி அசைத்துப் பார்த்தார். “கூர் போனா நாமே தீட்டிக்கலாம்டா. ஆணி ஆடினா என்ன செய்வே?” என்றார்.

அதன்பின் நான் பார்ப்பது இதைத்தான். கத்தியை விரித்து, அலகின் முதுகைப் பிடித்து இடமும் வலமும் அசையுங்கள். ஆடினால் வைத்துவிடுங்கள். மடக்கிப் பாருங்கள்: அலகு பிடியின் நடுவில் அமர வேண்டும், முனை வெளியே நீட்டக் கூடாது. ஸ்பிரிங் உள்ள கத்தியானால், விரித்ததும் ‘டக்’கென்று நிற்க வேண்டும், லேசாகத் தள்ளினாலே மடங்கக் கூடாது. கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

மலிவு என்றாலே மட்டம் அல்ல. பிரான்சின் சவோய் வட்டாரத்தில் ஜோசப் ஒப்பினெல் 1890இல் உருவாக்கிய மரப்பிடிக் கத்தி இன்றும் எளியவர் வாங்கும் கத்திதான். 1955இல் அதன் கழுத்தில் சுழலும் வளையம் ஒன்றைச் சேர்த்தார்கள். அதைத் திருப்பிவிட்டால் விரித்த அலகு மடங்காது. சின்ன வளையம்தான், விரலைக் காக்கிறது.

இன்னொன்று. வாங்கிய கத்தியைப் பையில் செருகிக்கொண்டு ஊர் சுற்றாதீர்கள். தக்க காரணமின்றிப் பொது இடத்தில் வைத்திருந்தால் 1958ஆம் ஆண்டின் அபாயகர ஆயுதச் சட்டம் பாயலாம். அதன் இடம் சமையலறைதான்.