கடலைக் குற்றம் சொல்லலாமா?

பாய்க்கப்பலில் அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடக்கப் புறப்பட்டு இடையில் இறந்தவர்களின் கதைகளை வாசிக்கும்போது, புயலும் பேரலையுமே அவர்களைக் கொன்றன என்று நானும் எண்ணியிருந்தேன். வரலாற்றைச் சற்று ஊன்றிப் படித்ததும் அந்த எண்ணம் மாறிவிட்டது.

1845இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பயிரை நோய் அழித்தது. பஞ்சம் தாங்காத மக்கள் வட அமெரிக்காவுக்குப் புறப்பட்டனர். கனடாவிலிருந்து மரம் ஏற்றி வந்த கப்பல்கள், திரும்பும்போது மனிதரை ஏற்றின. கீழ்த்தட்டிலே பலகைப் படுக்கைகள் அடித்து, குடும்பம் குடும்பமாக அடைத்தார்கள். நல்ல காற்று இல்லை, வெளிச்சம் இல்லை, பல கப்பல்களில் குடிநீரும் போதவில்லை. ஆறு வாரம், சிலவேளை அதற்கும் மேலாக இதே நிலை. டைபஸ் காய்ச்சல் பரவியது. கியூபெக்கிற்கு அருகே, நோயாளரைத் தடுத்துவைத்த குரோஸ் தீவில் 1847இல் மாத்திரம் 5,000க்கும் மேற்பட்டோர் அடக்கப்பட்டனர்.

"அது அவர்களின் விதி" என்று சிலர் சொல்லக்கூடும். அவர்களுக்கு நான் 'ஜீனி ஜோன்ஸ்டன்' என்ற கப்பலைக் காட்டுவேன். அதுவும் மரம் ஏற்றும் பாய்க்கப்பல்தான். அதே கடல், அதே ஏழை மக்கள். 1848 முதல் 1855 வரை 16 பயணங்களில் சுமார் 2,500 பேரை ஏற்றிச் சென்றது. ஒருவர்கூட அதில் இறக்கவில்லை! 1847 போன்ற கொடிய ஆண்டில் அது பயணிகளை ஏற்றவில்லை என்பது உண்மையே. ஆயினும் 16 பயணங்களையும் வெறும் அதிர்ஷ்டம் என்று தள்ளிவிட முடியாது. அக்கப்பலில் ஒரு வைத்தியர் இருந்தார். பொறுப்புள்ள கப்டன் இருந்தார். சுத்தமும் காற்றோட்டமும் பேணப்பட்டன.

டைபஸைப் பேன் பரப்புகிறது என்று விஞ்ஞானம் கண்டறிந்தது 1909இல்தான். ஆகவே அந்த வைத்தியரிடம் இருந்தது நம்மைவிடக் குறைந்த அறிவு. ஆனால் நிறைந்த அக்கறை.

மரணம் அல்லாஹ்வின் நாட்டப்படியே வரும். ஆனாலும் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்க வேண்டும் என்று கற்றவர்கள் நாம். நமது கவனயீனத்தை விதியின் தலையில் போடுவது நியாயமல்ல.

தோழியரே, நாளை நாம் வைத்தியராகலாம், ஆசிரியையாகலாம், தாயாகலாம். நம்மை நம்பி ஏறுகின்ற ஒவ்வோர் உயிரும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதைப் பேணத் தவறிவிட்டு, கடலைக் குற்றம் சொல்லாதிருப்போம்.