மூத்த பையன் ஏன் கல்லூரிக்குப் போகவில்லை?

அமெரிக்கா என்றதும் வானளாவிய கட்டடங்களும் புகழ்பெற்ற பல்கலைக்கழகங்களும்தான் நம் வீட்டுப் பிள்ளைகளின் நினைவுக்கு வருகின்றன. அந்தக் கட்டடங்களுக்குக் கலவை சுமப்பவன் யார் என்று நாம் கேட்பதில்லை. அந்நாட்டுக் கட்டடத் தொழிலாளர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் லத்தீனோ. அதாவது மெக்சிகோ, போர்ட்டோ ரிக்கோ, மத்திய அமெரிக்க நாடுகள் முதலிய இடங்களிலிருந்து வந்தவர்களும் அவர்களுடைய வழித்தோன்றல்களும். 1848இல் மெக்சிகோவின் பாதி நிலம் அமெரிக்காவுக்குப் போனபோது, இருந்த இடத்திலேயே அயலாராக ஆக்கப்பட்டவர்களின் சந்ததியும் இதில் அடக்கம். 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இவர்கள் 6 கோடியே 20 லட்சம் பேர்.

இத்தனை பெரிய மக்கள் கூட்டத்தில், 25 வயதைக் கடந்த ஆண்களில் பட்டம் பெற்றவர் ஐந்தில் ஒருவர் அளவுக்குத்தான் தேறுவார்கள். நாடு முழுவதும் எடுத்துக்கொண்டால் மூன்றில் ஒருவருக்கு மேல் பட்டதாரி. பட்டம் வாங்கும் லத்தீனோக்கள் பத்துப் பேரில் ஆறு பேர் பெண்கள். அந்தப் பெண்களை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். அவர்கள் முன்னேறியதால்தான் பையன்கள் பின்தங்கினார்கள் என்று யாராவது சொன்னால் அது அபத்தம். அக்காவுக்குக் கிடைத்த இடம் தம்பியிடமிருந்து பறித்தது அல்ல. அப்படியானால் தம்பி எங்கே போனான்?

வேலைக்குப் போனான்.

“அந்தப் பையன்களுக்குப் படிப்பில் நாட்டமில்லை” என்பது மேட்டுக்குடியின் பழைய பல்லவி. வரலாறு வேறு கதை சொல்கிறது. கலிஃபோர்னியாவின் ஆரஞ்சு மாவட்டத்தில் மெக்சிகோ வழிப் பிள்ளைகளுக்குத் தனிப்பள்ளி வைத்திருந்தார்கள். அதை எதிர்த்து கொன்சாலோ மென்டெஸ் என்ற குத்தகை விவசாயி மற்ற பெற்றோரோடு சேர்ந்து வழக்காடி 1946இல் வென்றார். மேல்முறையீட்டிலும் 1947இல் அத்தீர்ப்பே நிலைத்தது. 1968 மார்ச்சில் கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் ஆயிரக்கணக்கான மாணவர்கள் வகுப்பைப் புறக்கணித்து வீதிக்கு வந்தார்கள். வீட்டு மொழியான ஸ்பானிஷில் பேசினால் தண்டனை. கல்லூரிக்கு வழிகாட்டாமல் தொழிற்பட்டறை வகுப்புக்கே தள்ளிவிடுவது. இவற்றை எதிர்த்துத்தான் அந்தப் போராட்டம். அரசு என்ன செய்தது? 13 பேர் மீது சதிக் குற்றம் சாட்டியது! அந்த வழக்கு நிற்கவில்லை என்பது வேறு விஷயம்.

அதே பகுதியிலுள்ள கார்ஃபீல்ட் பள்ளியில் பொலிவியாவில் பிறந்த ஹைமே எஸ்கலான்டே கணக்கு ஆசிரியராக இருந்தார். 1982இல் அவருடைய மாணவர்கள் 18 பேர் கல்லூரித் தரத்துக் கணிதத் தேர்வில் தேறினார்கள். தேர்வு நடத்தியவர்களால் நம்ப முடியவில்லை. 14 பேர் மீது ஐயம் கிளப்பினார்கள். 12 பேர் மறுபடி எழுதினார்கள். 12 பேரும் மறுபடி தேறினார்கள். பணக்காரப் பள்ளியாக இருந்தால் இந்த ஐயம் எழுந்திருக்குமா என்று நாம் கேட்கிறோம்.

ஆகவே மூளையில் குறையில்லை. குறை வீட்டு அடுப்பில் இருக்கிறது. அப்பாவின் கூலி வாடகைக்கே சரியாகப் போகிறது. மூத்தவன் தோள் உயர்ந்ததும் எல்லார் கண்ணும் அவன் மேல்தான் விழுகிறது. சட்டமும் அதற்கு வழி விட்டிருக்கிறது. 1938ஆம் ஆண்டு உழைப்புத் தரச் சட்டம் மற்றத் தொழில்களுக்கு வைத்த கட்டுப்பாடுகளை வயலுக்கு வைக்கவில்லை. 12 வயதுச் சிறுவன் பெற்றோர் சம்மதத்தோடு, பள்ளி நேரம் போக, பண்ணையில் வேலை செய்யலாம். எத்தனை மணி நேரம் என்ற உச்சவரம்பே இல்லை! விடியலில் ஸ்ட்ராபெரி பறித்த கை பத்து மணிக்கு எப்படிப் பேனா பிடிக்கும்? பட்டம் நாலு வருஷம் கழித்து வரும் காசோலை. கூலி வெள்ளிக்கிழமையே வரும் ரொக்கம். பசித்த வீடு எதை எடுக்கும் என்று நம் வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. இதை எழுதும் நாமும் மெட்ரிக்கோடு நின்று ரயில்வேயில் சேர்ந்தவர்கள்தாம். வீட்டுக்கு ஒரு சம்பளம் வேண்டியிருந்தது. யாரும் கட்டாயப்படுத்தவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை.

விக்டர் சாயென்ஸ், லூயிஸ் போன்ஹுவான் என்ற இரு பேராசிரியர்கள் 2009இல், லத்தீனோ ஆண்கள் உயர்கல்வியிலிருந்து மறைந்துவருவதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி எச்சரித்தார்கள். அதன் பிறகு டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில், கல்லூரி மாணவர்களே பள்ளிப் பையன்களுக்கு அண்ணனாக நின்று வழிகாட்டும் திட்டம் தொடங்கியது. நல்ல காரியம். ஆனால் அண்ணன் அறிவுரை சொல்லலாம், கட்டணம் கட்ட முடியுமா?

அந்த டெக்சாஸ் கதையைக் கேளுங்கள். குடியேற்றப் பத்திரமில்லாத பிள்ளைகளிடம் 1977இல் டைலர் என்ற ஊர்ப் பள்ளிகள் ஆளுக்கு 1,000 டாலர் கேட்டன. பெற்றோர் வழக்குப் போட்டு 1982இல் உச்ச நீதிமன்றத்தில் வென்றார்கள். ஐந்துக்கு நான்கு என்ற ஒரே ஓட்டு வித்தியாசம்! அந்தத் தீர்ப்பு பள்ளிக் கதவைத் திறந்தது; கல்லூரிக் கதவைத் தொடவில்லை. 2001இல் அதே மாநிலம், தன் பள்ளிகளில் படித்து முடித்த அத்தகைய பிள்ளைகளுக்கு உள்ளூர் மாணவர் கட்டணமே போதும் என்று சட்டம் செய்தது. நாட்டிலேயே இதில் அதுதான் முன்னோடி. 2025 ஜூனில் மத்திய அரசு வழக்குப் போட்டது, மாநிலம் எதிர்த்து நிற்காமல் அன்றே ஒப்புக்கொண்டது, சலுகை போயிற்று. வெளியூரார் கட்டணம் பல மடங்கு. பள்ளியில் முதல் வரிசையில் உட்கார்ந்த பையனும் இனிக் கூரை போடும் கும்பலில் சேரத்தான் போவான்.

சங்கத்தின் அடுத்த மாதக் கூட்டத்தில் பள்ளிக் கட்டணம் பற்றிப் பேச இருக்கிறோம். பெற்றோர் தம் மூத்த பையனையும் அழைத்து வர வேண்டும். வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டவனாக இருந்தாலும் அழைத்து வாருங்கள்.